பனிக்காலமும் தோல் கரப்பானும்

மார்கழி, தை மாதங்களில் வட இந்தியச் சமவெளி முழுவதையும் மூடுபனி போர்த்துவது வழக்கம். டில்லியிலும் லக்னோவிலும் அமிர்தசரஸிலும் விடியற்காலையில் சில அடி தொலைவில் வரும் மனிதரும் கண்ணுக்குப் புலப்படார். காற்றின் ஈரப்பதம் 100 சதவீதத்தை நெருங்கிவிட்டதென வானிலை நிலையத்தார் அறிவிப்பர். ஆயினும் இதே நாட்களில்தான் உதடுகள் வெடிக்கின்றன. குதிகாலில் பித்தவெடிப்புத் தோன்றுகிறது. முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்துச் செதிள் செதிளாக உதிர்கிறது. கரப்பான் என்று நம் மக்கள் பொதுவாகக் குறிப்பிடும் எக்ஸிமா நோயுடையோருக்கோ இப்பருவம் உறக்கமற்ற இரவுகளின் பருவமாகிறது. காற்றெங்கும் நீர் மிதக்கும் வேளையில் தோல் வறள்வது ஏன்? இவ்வினாவின் விடையிலேயே இந்நோயைப் பேணும் முறையும் அடங்கியிருக்கிறது. ஆதலின் அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பனிக்காற்றின் வறட்சி

ஈரப்பதம் 100 சதவீதம் என்றால், காற்று நீராவியால் நிரம்பியிருக்கிறது என்பது பொருள். ஆனால் எவ்வளவு நீராவி சேர்ந்தால் காற்று நிரம்பும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 5 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 7 கிராம் நீராவியை மட்டுமே ஏற்கும். 20 டிகிரியில் 17 கிராமும், 32 டிகிரியில் 34 கிராமும் ஏற்கும். சிறு கிண்ணம் நிரம்பியிருப்பதும் பெரிய குடம் நிரம்பியிருப்பதும் ஒன்றாகமாட்டா அன்றோ?

உடையால் மூடப்பட்ட நம் தோலின் மேற்பரப்பு 30 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட வெப்பமுடையது. பனிக்காற்று உடையினுள் புகுந்து தோலை அடுத்ததும் சூடேறுகிறது. அப்பொழுது அது 34 கிராம் நீராவியை ஏற்க வல்லதாகிறது. அதனிடம் இருப்பதோ 7 கிராமே. ஐந்தில் ஒரு பங்கே நிரம்பிய அக்காற்று தோலிலுள்ள நீரை விரைந்து கவர்ந்துகொள்கிறது. கதவுகளை அடைத்து, மின்சார அடுப்பினால் அறையை 20 டிகிரிக்குச் சூடாக்கினாலும் நிலைமை பெரிதும் மாறுவதில்லை. வெளியே 100 சதவீதமாக இருந்த ஈரப்பதம் அறைக்குள் 40 சதவீதமாகக் குறைந்துவிடும்.

இதற்கு மாறாக, சென்னையில் மார்கழி மாதத்தில் வெப்பநிலை 25 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருக்கும் ஒரு பொழுதில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 18 கிராம் நீராவி உண்டு. பணியின் பொருட்டுத் தெற்கிலிருந்து டில்லிக்குக் குடிபெயரும் குடும்பங்கள் முதற் குளிர்காலத்திலேயே தோல் வறட்சியை உணர்வதன் காரணம் இதனால் விளங்கும்.

செங்கல்லும் சாந்தும்

நம் தோலின் மேற்புறத்தில், காகிதத்தினும் மெல்லிய ஓர் உறை இருக்கிறது. உயிரற்ற தட்டையான உயிரணுக்கள் பல அடுக்குகளாக அதில் அமைந்துள்ளன. அவற்றின் இடைவெளிகளைக் கொழுப்புப் பொருள்கள் நிரப்பியிருக்கின்றன. உயிரணுக்களைச் செங்கற்களாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் கொண்டு, இவ்வுறையைச் சுவருக்கு ஒப்பிட்டு விளக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க நிபுணர் பீட்டர் எலியாஸ் ஆவார். உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியிலுள்ள கிருமிகளும் தூசியும் இரசாயனப் பொருள்களும் உட்புகாமலும் காப்பது இச்சுவரின் பணியாகும்.

பிறவியிலேயே இச்சுவர் வலுக்குன்றியிருப்போர் உளர். பிலாகிரின் என்னும் புரதம் செங்கற்களை உறுதியாக்குவதுடன், பின்னர் சிதைந்து, நீரைப் பிடித்துவைக்கும் பொருள்களாகவும் மாறுகிறது. இப்புரதத்தை ஆக்கும் மரபணுவில் குறையுடையோர்க்கு எக்ஸிமா மிகுதியாக வருகிறதென்பதை, ஸ்காட்லாந்திலுள்ள டண்டீ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் அவர்தம் கூட்டாளிகளும் 2006ஆம் ஆண்டில் நிலைநாட்டினர். இந்நோய்க்கு இக்குறை ஒன்றே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. உடலின் தற்காப்பு ஆற்றல் அளவு மீறித் தூண்டப்படுவதும் சேர்ந்தே நோயை விளைவிக்கிறது. எனினும் சுவரில் விரிசல் விழுவதும், அவ்விரிசல் வழியே அழற்சி மூள்வதும், நமைச்சலால் சொறிவதும், சொறிவதால் விரிசல் மேலும் அகல்வதும் ஒன்றையொன்று தொடரும் ஒரு சுழல் என்பது இன்று தெளிவாகியுள்ளது. பனிக்காலம் இச்சுழலை விரைவுபடுத்துகிறது.

நோயின் தோற்றம்

எக்ஸிமா பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது. கைக்குழந்தைகளுக்குக் கன்னங்களிலும், வளர்ந்த சிறுவர்களுக்கு முழங்கையின் உட்புறத்திலும் முழங்காலின் பின்புறத்திலும் காண்கிறது. மேனாட்டு நூல்கள் இதனைச் சிவந்த தடிப்பு என வருணிக்கின்றன. நம் நாட்டு மக்களின் மாநிறத் தோலிலோ அச்சிவப்பு பழுப்பாகவோ ஊதாவாகவோ தோன்றக்கூடும். சிவப்பைக் காணாமையால் நோய் இல்லையென எண்ணிவிடலாகாது.

முதியோர்க்குப் பனிக்காலத்தில் வரும் வகை வேறு. வயது முதிர முதிரத் தோலின் கொழுப்புச் சுரப்பு குறைகிறது. கெண்டைக்கால் முன்புறத்தில் தோல் வறண்டு, கோடையில் காய்ந்த ஏரியின் தரையைப் போலப் பாளம் பாளமாக வெடிக்கிறது. பாத்திரம் துலக்குதல், துணி துவைத்தல் ஆகிய பணிகளை நாள்தோறும் செய்யும் மகளிர்க்கும், வீட்டுப் பணியாளர்க்கும், மருத்துவமனைத் தாதியர்க்கும் கைகளில் தோன்றும் எக்ஸிமா இப்பருவத்தில் கடுமையாகிறது.

நீராடும் முறை

குளிருக்கு அஞ்சி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நெடுநேரம் குளிப்பது பனிக்காலத்தில் பலரும் புரியும் பிழையாகும். மிகுந்த சூடு சுவரின் சாந்தாகிய கொழுப்பைக் கரைத்துக் கொண்டுபோகிறது. சோப்பும் இதற்குத் துணை நிற்கிறது. ஆரோக்கியமான தோல் சற்றே அமிலத்தன்மை வாய்ந்தது. சாதாரண சோப்புக்கட்டியோ காரத்தன்மை மிக்கது. ஆதலின் வெதுவெதுப்பான நீரே போதுமானது. ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குளியலை முடித்துக்கொள்ளல் வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் காரமில்லாத மென்மையான சோப்பைப் பயன்படுத்தலாம். பீர்க்கங்கூடு, நார் முதலியவற்றால் தேய்த்தல் கூடாது. துவாலையால் ஒற்றி எடுத்து, தோல் முற்றிலும் உலர்வதற்கு முன், அதாவது சில நிமிடங்களுக்குள், ஈரம் காக்கும் களிம்பைத் தடவுதல் வேண்டும். இந்த ஒரு பழக்கமே சிகிச்சையின் அடித்தளம் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். குளியல் நீரில் கலப்பதற்கென விற்கப்படும் எண்ணெய்களால் குறிப்பிடத்தக்க பயன் இல்லையென 2018ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சியொன்று தெரிவிக்கிறது. அச்செலவைத் தவிர்க்கலாம்.

களிம்பும் எண்ணெயும்

எவ்வகைக் களிம்பு சிறந்தது என்பது அனைவரும் கேட்கும் கேள்வி. நீர்மம், பசை, கூழ், களிம்பு ஆகிய நால்வகைப் பூச்சுகளை 550 குழந்தைகளிடம் ஒப்பிட்டு ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவர்கள், அவற்றின் பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென 2022இல் அறிவித்தனர். எதனை நாள்தோறும் தவறாது தடவ இயலுமோ அதுவே நல்லது என்பது இதனின்றும் பெறப்படும். விலையுயர்ந்த பூச்சுகளை வாங்க இயலாதோர் மனம் தளர வேண்டுவதில்லை. அமெரிக்கராகிய ராபர்ட் செஸ்பரோ 1872இல் உரிமை பெற்ற வாசலைன் எனும் பெட்ரோலிய ஜெல்லி, தோலினின்று நீர் ஆவியாவதைத் தடுப்பதில் இன்றும் முன்னணியில் நிற்கிறது. அது எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும்.

அளவே முக்கியமானது. கடலையளவு எடுத்து ஒப்புக்குத் தடவுவதால் பயனில்லை. உடல் முழுதும் வறட்சியுள்ள ஒரு குழந்தைக்கு வாரந்தோறும் 250 கிராம் அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். நாளொன்றுக்கு இரு முறையேனும், மயிர் வளரும் திசையில் மெல்லத் தடவுதல் வேண்டும். டப்பாவினுள் விரலை விடாமல் தூய கரண்டியால் எடுத்துக்கொண்டால் கிருமிகள் சேரா.

வடநாட்டில் குழந்தைகளைக் குளிர்கால வெயிலில் கிடத்திக் கடுகெண்ணெய் தேய்க்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. ஆனால் எலிகளின் தோலில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆராய்ச்சியில், கடுகெண்ணெய் சிதைந்த சுவர் சீர்படுவதைத் தாமதப்படுத்தியதென்றும், சூரியகாந்தி எண்ணெய் அதனை விரைவுபடுத்தியதென்றும் தெரியவந்தது. எக்ஸிமா உள்ள குழந்தைக்குக் கடுகெண்ணெயைத் தவிர்ப்பதே முறை. தேங்காயெண்ணெயைப் பற்றி நல்ல செய்தி உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 117 குழந்தைகளைக் கொண்டு எட்டு வாரங்கள் நடத்தப்பட்டு 2014இல் வெளியான சோதனையில், சூடேற்றாது எடுத்த தூய தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயை விட மிகுந்த பயன் அளித்தது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். டில்லிக் குளிரில் புட்டியைச் சிறிது நேரம் வெந்நீரில் வைத்தெடுத்தல் வேண்டும்.

பூச்சின் எல்லையையும் அறிந்துகொள்ளல் நலம். பிறந்தது முதல் நாள்தோறும் பூச்சுத் தடவினால் எக்ஸிமாவே வராமல் தடுக்கலாம் என்னும் நம்பிக்கையை, 1,300க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி உறுதிப்படுத்தவில்லை. பூச்சு, வந்த நோயை அடக்கிவைக்கும். வருவதற்கு முன்னரே தடுக்கும் எனச் சொல்வதற்கில்லை.

உடையும் நெருப்பும்

முரட்டுக் கம்பளி இழைகள் தோலைக் குத்தி நமைச்சலை எழுப்புகின்றன. உள்ளே மென்மையான பருத்தியாடை அணிந்து, அதன்மேல் கம்பளி அணிதல் வேண்டும். இரவில் கனத்த ரஜாயின் கீழ் உடல் மிகச் சூடேறினாலும் நமைச்சல் மிகும். ஆதலின் தேவைக்கேற்ப நீக்கிக்கொள்ளத்தக்க மெல்லிய போர்வைகள் இரண்டு மூன்று ஏற்றவை. குழந்தைகளின் நகங்களை ஒட்ட வெட்டிவிடுதல் எளிய, ஆனால் சிறந்த உபாயமாகும். பாத்திரம் துலக்குவோர் உள்ளே பருத்தியுறையும் மேலே ரப்பர் உறையும் அணிந்து, வேலை முடிந்ததும் கைகளுக்குக் களிம்பிடல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. களிம்பும் எண்ணெயும் ஊறிய துணி, தீப்பட்டால் வெகு விரைவில் பற்றி எரியும். ஒரு முறை துவைத்ததனாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. குளிர்காயும் அங்கீட்டி, தெருவோரத் தீ, அடுப்பு, பீடி நெருப்பு ஆகியவற்றினின்று இவர்கள் விலகியிருத்தல் வேண்டும். நெருப்பை அண்டியிருப்பதால் தோல் மேலும் உலர்வதும் திண்ணம்.

மருந்தின் இடம்

சுவரைப் பூசி மெழுகுவது அன்றாடக் கடமை. ஆனால் அழற்சி மூண்டபின் பூச்சு மட்டும் போதாது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களாகிய மேரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு இந்நோயைத் தணிப்பதை எடுத்துக்காட்டினர். அன்று முதல் ஸ்டிராய்டு களிம்புகள் சிகிச்சையின் முக்கிய அங்கமாயின. மருத்துவர் குறித்த வீரியமுள்ள களிம்பை, குறித்த நாட்களுக்கு, குறித்த அளவில் தடவுவதால் அஞ்சத்தக்க தீங்கு நேர்வது அரிது. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதற் கணு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம்; அது இரண்டு உள்ளங்கைகளின் பரப்புக்கு, விரல்களையும் சேர்த்து, போதுமானது. வீணான அச்சத்தால் மருந்தை அறவே மறுத்துக் குழந்தையை இரவெல்லாம் சொறியவிடும் பெற்றோர் உளர். அதனால் உறக்கம் கெடும், படிப்புக் கெடும், புண்ணில் கிருமி சேரும்.

இதற்கு நேர் எதிரான தீங்கு நம் நாட்டில் இன்னும் பெரிது. மிக வீரியம் வாய்ந்த ஸ்டிராய்டு ஒன்றுடன் பூஞ்சைக் கொல்லியையும் நுண்ணுயிர்க் கொல்லியையும் ஒரே குழாயில் சேர்த்துச் செய்த கலவைக் களிம்புகள் குறைந்த விலைக்கு விற்கின்றன. மருந்துக் கடையிலோ அண்டை வீட்டாரிடமோ கேட்டு, எல்லா அரிப்புக்கும் இவற்றைப் பலர் தடவுகின்றனர். முதல் வாரத்தில் வியக்கத்தக்க குணம் தெரியும். மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ தோல் மெலிகிறது. நீங்காத வரிகள் விழுகின்றன. முகத்தில் பருவும் மயிரும் முளைக்கின்றன. நிறுத்தினால் எரிச்சல் முன்னிலும் கடுமையாகிறது. எக்ஸிமா எனக் கருதியது உண்மையில் படையாக இருப்பின், தோலின் எதிர்ப்பு ஆற்றல் அடங்கிவிடப் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. நாடெங்கும் எளிதில் தீராத படைநோய் பெருகியதற்கு இக்களிம்புகளின் தவறான உபயோகம் ஒரு முக்கிய காரணமென இந்தியத் தோல் நோய் நிபுணர்கள் கூறுகின்றனர். தோலில் தடவும் ஸ்டிராய்டுகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாதென 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. விதி பயன் தருவது வாங்குவோரின் விழிப்பைப் பொறுத்தது.

ஸ்டிராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு, முகம், கண்ணிமை போன்ற மெல்லிய இடங்களுக்கு ஏற்றது. மிகக் கடுமையான நோய்க்கு ஊசி வழியே செலுத்தும் டூபிலுமாப் என்னும் மருந்து 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவையனைத்தும் நிபுணரின் மேற்பார்வையில் பயன்படுத்தற்குரியன.

மயங்கத்தக்க பிற நோய்கள்

அரிப்பெல்லாம் எக்ஸிமா ஆகாது. வீட்டிலுள்ள பலருக்கு ஒரே காலத்தில் அரிப்பு வந்து, இரவில் மிகுந்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் கொப்புளங்கள் தோன்றினால், அது சிறு பூச்சியால் பரவும் சொறிசிரங்காக இருக்கலாம். குளிர்காலத்தில் ஒரே போர்வைக்குள் பலர் நெருங்கி உறங்குவது அது பரவ ஏதுவாகும். வீட்டார் அனைவரும் ஒருங்கே மருந்திட்டாலன்றி அது நீங்காது. வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடுவே தெளிந்திருப்பது பெரும்பாலும் படையே.

எக்ஸிமா ஆறிய இடத்தில் நிறம் வெளுத்தோ கறுத்தோ சில மாதங்கள் இருப்பது இயல்பு. அது தானே மாறும். ஆனால் வெளுத்த இடத்தில் உணர்ச்சி குன்றியிருந்தால், தொழுநோயா என மருத்துவரிடம் உடனே சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

புண்ணில் நீர் வடிந்து தேன்நிறப் பொருக்கு கட்டினால் கிருமி சேர்ந்திருக்கிறதெனக் கொள்ளலாம். காய்ச்சலுடன், குழி விழுந்தாற்போன்ற சிறு புண்கள் விரைந்து பரவினால், அது ஹெர்ப்பீஸ் வைரஸின் தாக்குதலாக இருக்கக்கூடும். அத்தகைய குழந்தையை அன்றைய தினமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் அவசியம்.

உணவைப் பற்றி

கத்தரிக்காய், கருவாடு முதலியவற்றைக் கரப்பான் பண்டம் என ஒதுக்குவது நம் வழக்கம். சில இல்லங்களில் பால், முட்டை, நிலக்கடலை ஆகியவற்றையும் குழந்தைக்கு மறுத்துவிடுகின்றனர். குறிப்பிட்ட உணவு உண்டவுடன் உதடு வீங்குதல், தடிப்பு எழுதல், வாந்தி எடுத்தல் போன்ற குறிகள் கண்டால் மருத்துவரை அணுகிச் சோதித்தல் நன்று. அத்தகைய காரணமின்றி ஊட்டமுள்ள உணவுகளை ஒவ்வொன்றாக நீக்குவதால் தோல் குணமடைவதில்லை. குழந்தை மெலிவதே மிச்சம்.

முடிவுரை

எக்ஸிமா ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று. இந்நோயுள்ள குழந்தையைப் பள்ளியிலும் பந்தியிலும் விலக்கி வைப்பதற்குச் சிறிதும் நியாயமில்லை. குழந்தைகளுள் பலர் வளர வளர இதனின்று விடுபடுகின்றனர். ஏனையோர்க்கும் இதனை அடக்கிவைத்து இயல்பான வாழ்வு நடத்துதல் கைகூடும். அதற்கு வேண்டுவன வெதுவெதுப்பான நீர், ஒரு டப்பா களிம்பு, மென்மையான பருத்தியாடை, தேவைப்படும்பொழுது மருத்துவரின் சீட்டு ஆகியவையே. இவற்றுள் அரிதாகக் கிடைப்பது எதுவும் இல்லை. பனி தொடங்குமுன்னரே களிம்பிடத் தொடங்கி, வெயில் ஏறும் மாசி, பங்குனி வரை ஒரு நாளும் தவறாது தொடர்வோர்க்குக் குளிர்காலத்து இரவுகள் உறக்கத்திற்குரியனவாகவே இருக்கும்.